பங்கிட்ட பழி: தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘பேய்கள்’ நாவலை முன்வைத்து

அநீதியை எதிர்த்து எழுந்த இயக்கங்களைப் பற்றி இலக்கியம் பேசும்போது, பெரும்பாலும் இயக்கத்திற்கு வெளியே நிற்கும் பகைவனையே அது நமக்குக் காட்டுகிறது. கொடுங்கோலன், அவனுடைய காவலர், சிறைக்கூடம், தூக்குமேடை ஆகியவை அங்கே இடம்பெறுகின்றன. படிப்போர் உள்ளமும் தயக்கமின்றி ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறது. ஆனால், அதே இயக்கத்தினுள் தோழனைத் தோழர்களே கொல்லும் நாளொன்று வருமாயின், அக்குருதிக்கு யார் பொறுப்பு? கட்டளையிட்டவனா? கைகளைப் பிடித்துக்கொண்டவனா? விளக்கைத் தூக்கிப் பிடித்தவனா? எல்லாம் தெரிந்திருந்தும் வாய் திறவாமல் வீடு திரும்பியவனா? ‘எல்லாருமே’ என்று விடை கூறுவது எளிது. ஆயின், அவ்விடை பல வேளைகளில் ‘ஒருவரும் இல்லை’ என்பதற்கு மறுபெயராகி விடுகிறது.

இவ்வினாவை உலக இலக்கியத்தில் மிகக் கூர்மையாக எழுப்பிய படைப்புகளுள் ஒன்று, ஃபியோதர் தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘பேய்கள்’ என்னும் நாவலாகும். 1871, 1872 ஆம் ஆண்டுகளில் ‘ரஷ்யத் தூதன்’ என்ற இதழில் தொடராக வெளிவந்த இந்நாவலை, கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகப் படித்தவர் நம்மிடையே பலர். இதனைப் புரட்சிக்கு எதிரான நூல் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. தீர்க்கதரிசனம் என்று தலையில் தூக்கி வைத்தவர்களும் உண்டு. இவ்விரு சாராரும் நாவலின் நடுநரம்பைத் தொடவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கூட்டாகச் செய்த குற்றம் மனிதரை எவ்வாறு கட்டுகிறது, எவ்வாறு அவிழ்க்கிறது என்பதே அந்நடுநரம்பு.

கதைக்கு மூலமான கொலை

இந்நாவலின் கரு கற்பனையில் பிறந்ததன்று. 1869ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21ஆம் நாள் (அன்றைய ரஷ்ய நாட்காட்டியின்படி), மாஸ்கோவிலிருந்த பெத்ரோவ்ஸ்கி வேளாண் கழகத்தின் பூங்காவில் இவானோவ் என்னும் மாணவன் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் அரசின் ஆட்கள் அல்லர். செர்கேய் நெச்சாயெவ் என்னும் 22 வயது இளைஞனும், அவன் அமைத்த இரகசியக் குழுவைச் சேர்ந்த வேறு நால்வருமே இச்செயலைச் செய்தனர். நாடு முழுவதும் கிளை பரப்பிய பெரும் இயக்கமொன்று இருப்பதாகவும், மேலே ஒரு மையக்குழு இருந்து ஆணையிடுவதாகவும் நெச்சாயெவ் தன் தோழர்களை நம்பவைத்திருந்தான். அப்படி எதுவும் இருக்கவில்லை. இவானோவ் அவனுடைய தலைமையைக் கேள்வி கேட்டான்; கட்டளைகளை அப்படியே ஏற்க மறுத்தான். அவன் காட்டிக்கொடுத்து விடுவான் என்ற பழி அவன்மேல் சுமத்தப்பட்டது. ஓர் அச்சு இயந்திரம் புதைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் கூறி அவனைப் பூங்காவின் கற்குகைக்கு அழைத்துச் சென்று கொன்று, உடலைக் குளத்தில் அமிழ்த்தினர்.

நெச்சாயெவ் சுவிட்சர்லாந்துக்குத் தப்பியோடினான். அவனை நம்பியிருந்தோர் பிடிபட்டனர். 1871ஆம் ஆண்டு கோடையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவர்கள்மீது வழக்கு நடந்தபோது, விசாரணை விவரங்கள் நாளேடுகளில் வெளியாயின. நெச்சாயெவ் 1872இல் ரஷ்ய அரசிடம் ஒப்படைக்கப்பட்டான். பீட்டர்–பால் கோட்டைச் சிறையில், 1882ஆம் ஆண்டு அதே நவம்பர் 21ஆம் நாளில், கொலை நடந்து சரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த நிலையில், அவன் இறந்தான்.

குருதி என்னும் முடிச்சு

தாஸ்தாயெவ்ஸ்கி இந்நிகழ்ச்சியை ஒரு சிற்றூருக்கு மாற்றுகிறார். நெச்சாயெவ், பியோத்தர் வெர்கோவென்ஸ்கி ஆகிறான்; இவானோவ், ஷாத்தோவ் ஆகிறான். லிப்பூத்தின், விர்கின்ஸ்கி, ஷிகல்யோவ், லியாம்ஷின், தொல்கச்சென்கோ ஆகிய ஐவர் கொண்ட குழு ஒன்று அவ்வூரில் அமைகிறது. எர்கெல் என்ற இளம் படையதிகாரி இவர்களுக்குத் துணை நிற்கிறான்.

இக்குழுவைக் கட்டிக் காப்பது எப்படி என்ற பேச்சு எழும்போது, ஸ்தவ்ரோகின் என்னும் பாத்திரம் ஓர் ஆலோசனை கூறுகிறான். கொள்கை, பதவி, உணர்ச்சி ஆகியவையெல்லாம் நல்ல பசைதான். எனினும் அவை அனைத்தினும் வலிய பசை ஒன்று உண்டு. ஐந்தாமவன் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று சொல்லி, நால்வரைக் கொண்டு அவனைக் கொல்லச் செய்துவிட்டால், சிந்திய குருதியே அந்நால்வரையும் ஒரே முடிச்சாகப் பிணைத்துவிடும், அதன்பின் அவர்கள் அடிமைகள், எதிர்க்கத் துணியார், கணக்கும் கேளார். அவன் கருத்தின் சாரம் இதுதான். ஏளனத்தோடு கூறப்பட்ட இச்சொல்லை பியோத்தர் செயல் திட்டமாகவே எடுத்துக்கொள்கிறான்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஷாத்தோவ் ஒற்றன் அல்லன். அவன் இயக்கத்தின் கொள்கையிலிருந்து விலகியவன். விலகியதை வெளிப்படையாகச் சொன்னவன். விலகியவனைத் துரோகியாக்குவது ஏன்? அவன் உயிரோடு நடமாடும்வரை, விலகிச் செல்ல வழியுண்டு என்பதற்கு அவனே சான்றாக இருக்கிறான். அச்சான்றை அழித்தாக வேண்டும். ஆகவே, இக்கொலையின் உண்மையான இலக்கு ஷாத்தோவ் அல்லன், எஞ்சியிருக்கும் ஐவரே எனலாம்.

ஒரே இரவில் பிறப்பும் இறப்பும்

இந்நாவலின் தலைசிறந்த பகுதி ஷாத்தோவின் இறுதி இரவாகும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனை விட்டுப் பிரிந்த மனைவி, நிறைமாதக் கர்ப்பிணியாகத் திரும்பி வருகிறாள். வயிற்றிலிருப்பது வேறொருவன் பிள்ளை என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் அவன் களிப்புக்கு அளவில்லை. மருத்துவச்சியைத் தேடி இரவில் ஓடுகிறான். பணத்திற்காக நண்பர் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பிறந்த ஆண் குழந்தையைத் தன் மகனாகவே ஏற்றுக்கொள்கிறான். அந்த மருத்துவச்சி யார்? ஐவர் குழுவிலுள்ள விர்கின்ஸ்கியின் மனைவியேதான். மனைவி ஓர் உயிரை உலகுக்குக் கொணர்ந்த மறுநாள் இரவே, கணவன் அக்குடும்பத்தின் தலைவனைக் கொல்லும் இடத்தில் நிற்கிறான். ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டி அறவுரை எதுவும் கூறவில்லை. இரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நாவல் கலையின் உயர்ந்த நிலை இது.

கொலைக் களத்தில் ஒவ்வொருவரும் நிற்கும் நிலையைப் பாருங்கள். விர்கின்ஸ்கி நல்லவன். மனைவியும் குழந்தையும் வந்துசேர்ந்து மகிழ்ச்சியில் இருக்கும் மனிதன் காட்டிக்கொடுக்கப் போகமாட்டான் என்று அவன் வாதிடுகிறான். வாதம் எடுபடவில்லை என்றதும் அங்கேயே நிற்கிறான். ஷிகல்யோவ் மட்டும் கிளம்பிப் போய்விடுகிறான். ஆனால், அஞ்சியோ இரங்கியோ போகவில்லை. தான் வகுத்த தத்துவத்திற்கு இக்கொலை ஒவ்வாது என்பதற்காகவே போகிறான். எதிரே வரும் ஷாத்தோவை எச்சரிக்க அவனுக்குத் தோன்றவில்லை. தன் கைகள் தூய்மையாக இருந்தால் போதும் என்று எண்ணும் அறிவாளியின் நிலை இது. லியாம்ஷின், விர்கின்ஸ்கியின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து நிற்கிறான். தொல்கச்சென்கோவும் எர்கெலும் லிப்பூத்தினும் பாய்ந்து பிடிக்கின்றனர். பியோத்தர் சுடுகிறான்.

எல்லாம் முடிந்ததும், விர்கின்ஸ்கி இது சரியன்று, நாம் எண்ணியது இதுவே அன்று என்ற பொருளில் புலம்பத் தொடங்குகிறான். லியாம்ஷின் மனிதக் குரலல்லாத ஒரு விலங்கின் குரலில் அலறுகிறான். அவன் வாயில் துணியை அடைத்து அடக்க வேண்டியதாயிற்று. கொலைக்கு முன் வரவேண்டிய மறுப்பு, கொலைக்குப் பின் ஓலமாக வருகிறது. கூட்டத்தில் நிற்கும் தனிமனிதனின் மனச்சான்று எப்போதும் ஒரு நொடி தாமதமாகவே விழிக்கிறது என்னும் கசப்பான உண்மையை இதைவிடக் கடுமையாகச் சொன்ன பக்கங்கள் உலக இலக்கியத்தில் சிலவே.

முடிச்சு அவிழ்ந்த விதம்

குருதி பிணைக்கும் என்றான் ஸ்தவ்ரோகின். பிணைத்ததா? தற்கொலைக்கு ஏற்கெனவே முடிவு செய்திருந்த கிரில்லோவ் என்பவனிடமிருந்து, ஷாத்தோவைக் கொன்றது தானே என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்கிறான் பியோத்தர். சாகப்போகும் ஒருவன் பெயரில் பழியை எழுதி வைத்துவிட்டால், வாழ்வோர் கணக்கு தீர்ந்துவிடும் என்பது அவன் எண்ணம். பழியைச் சொத்துப்போல் பங்கிடலாம், பிறர் பெயருக்கு மாற்றியும் எழுதலாம் என்று நம்புவோரின் மனநிலையை இக்கடிதம் முழுமையாக வெளிப்படுத்துகிறது. அதன்பின் அவன் தோழர்களைக் கைவிட்டுப் புகைவண்டி ஏறிவிடுகிறான்.

கொலைக்கு மறுநாளே முடிச்சு அவிழ்கிறது. லியாம்ஷின் அதிகாரிகள் முன் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். விர்கின்ஸ்கி பிடிபட்டபோது ஏறக்குறைய மகிழ்ச்சியே அடைகிறான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதாகக் கூறுகிறான். பணமும் கடவுச்சீட்டும் கையிலிருந்தும் லிப்பூத்தினால் நாட்டைவிட்டு ஓட முடியவில்லை. தலைநகரில் குடித்துக் கிடந்து அகப்படுகிறான். எர்கெல் மட்டும் கடைசிவரை வருந்தியதாகத் தெரியவில்லை. ஆனால், சொற்பச் சம்பளத்தில் பாதியைத் தன் ஏழைத் தாய்க்கு அனுப்பிவந்த பிள்ளை அவன் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. ஷாத்தோவின் மனைவி, கணவனைத் தேடிப் பச்சைக் குழந்தையோடு குளிரில் ஓடி, குழந்தையும் தானுமாக மாண்டுபோகிறாள். அவ்விரு உயிர்களைக் கொல்லும்படி எந்தக் குழுவும் தீர்மானம் போடவில்லை!

ஆக, கூட்டுக் குற்றம் மனிதரைச் சேர்த்து வைப்பதாகத் தோன்றினாலும், அது ஒவ்வொருவனையும் தனித்தனி அறையில் பூட்டிவிடுகிறது. ஒருவன் மற்றவனைத் தோழனாகப் பார்க்க இயலாமற் போகிறது. தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சாட்சியாகவே பார்க்கிறான். துரோகத்தை ஒழிக்கப் புறப்பட்ட செயல், எஞ்சிய அனைவரையும் துரோகத்தின் வாசலில் நிறுத்திவிடுகிறது.

ஆசிரியரின் பிழையும் பெருமையும்

இவ்வளவு கூறிய பின்னரும், நாவலின் குறைகளை மறைப்பது திறனாய்வாகாது. முதலாவது, தலைப்பே ஒரு தப்பிக்கும் வழி. மனிதனிடமிருந்து வெளியேறிய பேய்கள் பன்றிக் கூட்டத்தினுள் புகுந்து ஏரியில் விழுந்து மடிந்த விவிலியக் கதையை ஆசிரியர் முகப்பில் வைக்கிறார். மேலை நாட்டுக் கருத்துகளே ரஷ்யாவைப் பிடித்த பேய்கள் என்பது அவர் வாதம். பேய் பிடித்து ஆடியவனிடம் கணக்குக் கேட்க முடியுமா? கொலைக் காட்சியில் ஒவ்வொருவனையும் தனித்தனியே நிறுத்திக் கணக்குக் கேட்ட கலைஞர், முகப்பில் அக்கணக்கைத் தாமே கிழித்துவிடுகிறார்.

இரண்டாவது, இளைஞர்களை இரகசியக் குழுக்களுக்குத் தள்ளிய ஜார் ஆட்சியின் கொடுமைக்கு இந்நாவலில் உரிய இடமில்லை. ஆளுநர் ஒரு கோமாளியாக வருகிறாரேயன்றி, ஒடுக்குமுறையின் முகமாக வருவதில்லை. அன்றைய ரஷ்ய இளைஞர் அனைவரும் நெச்சாயெவ்வின் பின்னே சென்றவர்களும் அல்லர். அவனுடைய வஞ்சக வழியை வெறுத்து, ஒருவர்க்கொருவர் உண்மை பேசும் நம்பிக்கையையே அடித்தளமாகக் கொண்டு, சாய்க்கோவ்ஸ்கி வட்டம் என்னும் குழு அதே ஆண்டுகளில் தோன்றியது. எதிர்ப்பியக்கம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் உடையது என்பதற்கு இது சான்று. நாவலில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

ஆனால், ஆசிரியரின் பெருமை வேறோர் இடத்தில் வெளிப்படுகிறது. தாஸ்தாயெவ்ஸ்கி வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர். பெத்ராஷெவ்ஸ்கி வட்டத்தில் சேர்ந்ததற்காக 1849இல் கைதாகி, அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டு, கடைசி நொடியில் உயிர் தப்பி, நான்கு ஆண்டுகள் சைபீரியச் சிறையில் உழன்றவர். நாவல் முடிந்த மறு ஆண்டு, 1873இல், ‘ஓர் எழுத்தாளரின் நாட்குறிப்பு’ என்ற பகுதியில் அவர் இவ்வழக்கைப் பற்றி எழுதினார். நெச்சாயெவ்வைப் பின்பற்றியவர்கள் மூடர்கள், சோம்பேறிகள் என்று பத்திரிகைகள் ஏசியபோது, அவர் அதை மறுத்தார். தாம் ஒரு நெச்சாயெவ் ஆகியிருக்க மாட்டார். ஆனால், இளமையில் அவனைப் பின்பற்றிய ஒருவனாக ஆகியிருக்கக்கூடும். அப்படி ஆகியிருக்க மாட்டேன் என்று உறுதி கூற இயலாது என்ற கருத்தை அவர் வெளிப்படையாகப் பதிவு செய்தார். நாவலில் ‘அவர்கள்’ என்று தொடங்கியவர், கட்டுரையில் ‘நான்’ என்று வந்து நிற்கிறார். நாவலின் குறையை நிறைவு செய்யும் கடைசி அத்தியாயம் இக்கட்டுரைதான் என்பேன்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்

இது பழைய ரஷ்யாவின் கதை மட்டுமே என்று கருதுவோர்க்கு ஜப்பானிய வரலாறு விடை கூறும். வியட்நாம் போரையும் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் எதிர்த்து எழுந்த ஜப்பானிய மாணவர் போராட்டத்தின் கடைக்கூறாக, ஐக்கிய செம்படை என்னும் சிறு குழு 1971இல் தோன்றியது. அக்குழுவினர் 29 பேர் குன்மா மாநிலத்து மலைகளில் பயிற்சிக்கென மறைந்து வாழ்ந்தனர். 1971 டிசம்பர் இறுதி முதல் 1972 பிப்ரவரி வரை, அவர்களுள் 12 பேர் தம் தோழர்களாலேயே கொல்லப்பட்டனர். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியும் அவர்களுள் அடக்கம். ‘சோகாட்சு’ என்று அவர்கள் அழைத்த தன்னாய்வில் குறை கண்டால் அடி. அடிப்பது தண்டனையன்று, தோழன் திருந்துவதற்குச் செய்யும் உதவி என்று விளக்கம்! எல்லாரும் அடித்தாக வேண்டும். அண்ணனைத் தம்பியரே அடிக்க நேர்ந்தது. அடிக்கத் தயங்குபவனே அடுத்துக் குறை காணப்படுவான். பகைவர் கையால் அவர்களுள் ஒருவரும் அம்மலையில் சாகவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டபோது, அதுவரை மாணவர்பால் மக்கள் கொண்டிருந்த பரிவு பெரிதும் வற்றிப்போயிற்று. தலைவர் மோரி 1973ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் சிறையில் தூக்கிட்டு இறந்தார். மற்றொரு தலைவரான நாகாத்தா மரண தண்டனைக் கைதியாகவே இருந்து 2011இல் மறைந்தார்.

ஸ்தவ்ரோகின் சொன்ன அதே பசையைத்தான் அங்கும் காண்கிறோம். ஐவர் குழுவில் ஒளிந்து நிற்க ஒருவன் முதுகாவது லியாம்ஷினுக்குக் கிடைத்தது. மலைமுகாமில் அதுவும் இல்லை.

நம் மொழியில் ஒரு குரல்

தமிழர்க்கும் இவ்வினா அயலானதன்று. ஈழப் போராட்டம் மூண்டெரிந்த காலத்திலேயே, 1985இல், ‘கோவிந்தன்’ என்ற புனைபெயரில் ‘புதியதோர் உலகம்’ என்னும் நாவல் வெளிவந்தது. புளொட் இயக்கத்திலிருந்து வெளியேறிய ஒருவர், அவ்வியக்கத்தினுள் தோழர்களுக்கே இழைக்கப்பட்ட வதைகளையும் கொலைகளையும் அதில் எழுதினார். கலை நுட்பத்தில் அதனை ரஷ்ய மேதையின் படைப்போடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால், ஓர் அளவில் அது மேலானது. தாஸ்தாயெவ்ஸ்கி பேய்களைப் பற்றி எழுதினார். கோவிந்தன் தம்மவரைப் பற்றி எழுதினார். பகைவனுக்குப் பயன்படும் என்று கூறி உண்மையை ஒத்திப்போடும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. விடுதலை வேட்கையைக் கைவிடாமலே இயக்கத்தின் குற்றத்தைச் சொல்ல முடியும் என்பதை அந்நூல் மெய்ப்பித்தது.

பழியை ஏற்பது எவ்வாறு என்பதற்கு நம் காப்பியத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கோவலன் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். பொய் கூறியவன் பொற்கொல்லன். ஆராயாமல் ஆணையிட்டவன் பாண்டியன். காவலருள் சிலர் கோவலன் முகத்தைக் கண்டு தயங்கினர். ஒருவன் மட்டும் வாளை ஓங்கினான். ஐவர் குழுவில் போலவே இங்கும் பழியைப் பங்கிட வழி தாராளமாக இருந்தது. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, பாண்டியன் பொற்கொல்லன்மேல் பழியைப் போடவில்லை, காவலன்மேலும் போடவில்லை. கள்வன் என்னும் சொல்லைத் தன்மேலேயே ஏற்று அரியணையிலிருந்து வீழ்ந்து இறந்தான். அவன் ஏற்ற பின்னரும் மதுரை எரிந்தது என்பதையும் இளங்கோவடிகள் மறைக்கவில்லை. பழியை ஏற்பது வேறு, பழி தீர்வது வேறு.

ஏற்பதிலும் போலி உண்டு. ஸ்தவ்ரோகின் தன் கொடிய குற்றமொன்றை அச்சிட்டு ஊரறியப் பரப்ப முனையும் அத்தியாயத்தை அன்றைய இதழாசிரியர் வெளியிட மறுத்துவிட்டார். அது 1922இல்தான் அச்சேறியது. அதில் துறவி திகோன், அவன் வாக்குமூலத்தில் வருத்தத்தைவிடச் செருக்கே மிகுந்திருப்பதைக் கண்டுகொள்கிறார். ‘நாங்கள் எல்லாரும் குற்றவாளிகள்’ என்று மேடையில் முழங்குவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அம்முழக்கத்தில் ஷாத்தோவின் பெயர் இருக்காது. அன்றிரவு யார் எங்கே நின்றார் என்ற விவரமும் இருக்காது.

எனவே, எதிர்ப்பியக்கங்களைப் பற்றி எழுத முனையும் நம் எழுத்தாளர்கள் இந்நாவலிலிருந்து கற்க வேண்டியது, புரட்சியை வெறுப்பதை அன்று. ஒரு கூட்டத்தின் செயலை எழுதும்போது, கூட்டம் என்ற சொல்லோடு நின்றுவிடாமல், கையைப் பிடித்தவன், வாதிட்டுவிட்டு நின்றவன், தத்துவம் பேசிக் கிளம்பியவன், முதுகுக்குப் பின் ஒளிந்தவன் என ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் துணிவையே கற்க வேண்டும். விர்கின்ஸ்கி தன் மறுப்பை அக்குகை வாசலில், ஷாத்தோவ் வந்து சேருவதற்கு முன்னரே, உரத்துக் கூறியிருந்தால், அவனோடு சேர்ந்து லியாம்ஷினும் அலறியிருக்கக் கூடும். ஒருவேளை லிப்பூத்தினும் பின்வாங்கியிருக்கக் கூடும். முடிச்சு விழுவதற்கு முன் அதனை அவிழ்க்க ஒரே ஒரு குரல் போதுமானதாக இருந்திருக்கும்.